சம்மதம் கொடுத்தவர்களுக்கு ஒரு சிலை

1/
போர் நினைவுச் சின்னம் என்றதும் உங்க மனசுல என்ன வருது? துப்பாக்கி ஏந்திய சிப்பாய். தலைகீழா நட்ட துப்பாக்கி மேல ஒரு ஹெல்மெட். அணையா விளக்கு. பெயர்கள் பொறித்த கருங்கல். ஏறக்குறைய இதுதானே?

நான் இன்னைக்கு எழுதப்போற நினைவுச் சின்னத்தில் சிப்பாயே கிடையாது. துப்பாக்கி இல்லை, கொடி இல்லை. ஒரு அப்பா, ஒரு அம்மா. அவ்வளவுதான்.

கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

2/
இடம்: பெல்ஜியத்தில் டிக்ஸ்மாய்டே நகரத்துக்குப் பக்கத்தில் வ்லாட்ஸ்லோ என்ற சிற்றூர். அங்கே முதல் உலகப் போரில் இறந்த ஜெர்மன் வீரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஓக் மரங்கள், புல்தரை. புல்லோடு புல்லாகப் பதித்த தட்டையான கற்கள். ஒரு கல்லில் 20 பெயர்கள். மொத்தம் 25,000 பேருக்கும் மேல் அங்கே புதைந்திருக்கிறார்கள்.

தோட்டத்தின் பின்கோடியில் இரண்டு கருங்கல் உருவங்கள் மண்டியிட்டிருக்கின்றன. பெயர், 'துயருறும் பெற்றோர்'.

3/
முதலில் அப்பாவைப் பாருங்க. முதுகு நேராக இருக்கு. இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டி, தன்னைத்தானே இறுக்கிப் பிடிச்சிருக்கார். தாடை இறுகியிருக்கு. பார்வை நேராக முன்னால். அழவில்லை.

அரசு மருத்துவமனையில் வேலை பார்த்த எந்த டாக்டருக்கும் இந்த உடம்பு பழக்கமானது. ஐசியூ வாசலில் பெண்கள் எல்லாம் அழுது கொண்டிருக்கும்போது, சுவரோரமாக ஒரு ஆம்பளை கையைக் கட்டிக்கிட்டு நிப்பார். "அவருக்கு மனசு கல்லு"ன்னு சொந்தக்காரங்க பேசுவாங்க. கல்லெல்லாம் இல்லைங்க. கையை விட்டா உடைஞ்சு போயிடுவோம்னு பிடிச்சுக்கிட்டு நிக்கிறார்.

4/
அம்மா அப்படி இல்லை. குனிந்து, போர்வைக்குள் சுருங்கி, தலை கவிழ்ந்து கிடக்கிறாள். தன் எதிரே உள்ள அத்தனை ஆயிரம் பேருக்கும் முன்னால் தலை குனிந்த மாதிரி.

இன்னொன்றைக் கவனிங்க. இருவரும் ஒரே பீடத்தில் இல்லை. தனித்தனி பீடம். நடுவில் இடைவெளி. ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்திருக்கலாம், கை கோத்திருக்கலாம். சிற்பி அப்படிச் செய்யவில்லை.

ஏன் என்பதற்கு ஒரு வீட்டுக்குள் நடந்த பேச்சைத் தெரிஞ்சுக்கணும்.

5/
சிற்பியின் பெயர் கேத்தே கோல்விட்ஸ். 1867-ல் பிறந்தவர். ஜெர்மனியின் பெரிய ஓவியர், சிற்பி. கணவர் கார்ல் ஒரு டாக்டர். 1891-ல் திருமணம் ஆகி, பெர்லினில் தொழிலாளர்கள் வாழ்ந்த பிரென்ஸ்லவர் பெர்க் பகுதியில் குடியேறினார்கள். தையல் தொழிலாளர்களின் காப்பீட்டு நிதிக்கு கார்ல்தான் மருத்துவர். நம்ம ஊர் ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி டாக்டர் மாதிரின்னு வச்சுக்கோங்க.

கணவரைப் பார்க்க வந்த ஏழைப் பெண்களின் முகங்களைத்தான் கேத்தே வரைந்தார். பசி, சீக்கு, வேலையில்லாத புருஷன், செத்துப்போன குழந்தை. ஆக, கஷ்டம் தெரியாத வீட்டில் நடந்த கதை இல்லை இது.

6/
இரண்டு மகன்கள். மூத்தவன் ஹான்ஸ், இளையவன் பீட்டர்.

1914 ஆகஸ்ட். போர் தொடங்கியது. பீட்டருக்கு 18 வயது. தானாகப் படையில் சேர ஆசைப்பட்டான். அவன் கூட்டாளிகளுக்கும் அதே ஆசை. ஆனால் 21 வயது ஆகாதவன் சேர வேண்டுமானால் அப்பாவின் சம்மதம் வேண்டும்.

டாக்டர் கார்ல் முடியாது என்றார்.

பையன் அம்மாவைப் பார்த்தான். அம்மா எழுந்து, கணவரிடம் மகனுக்காகக் கெஞ்சினாள். கார்ல் இறங்கி வந்தார்.

7/
இதை யாரோ கிளப்பிவிட்ட வதந்தின்னு நினைக்காதீங்க. கேத்தே தன் நாட்குறிப்பில் தானே எழுதி வைத்த விஷயம்.

பீட்டர் அக்டோபரில் போர்முனைக்குப் போனான். அதே மாதம் 22-ம் தேதி இரவு டிக்ஸ்மாய்டே அருகே இறந்தான். வீட்டை விட்டுப் புறப்பட்டு இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

சம்மதம் கேட்ட பையன் போய்விட்டான். வாங்கிக் கொடுத்தவளும், கொடுத்தவரும் மிச்சம்.

இப்போ அந்த இரண்டு பீடத்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை மறுபடி பாருங்க. அந்த அப்பா முகம் கார்லுடையது. அம்மா முகம் கேத்தேயுடையது.

8/
இங்கே ஒரு மருத்துவராகக் கொஞ்சம் பேசிக்கிறேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குறோம். அது வெறும் கையெழுத்து இல்லை. என்ன செய்யப் போறோம், என்ன நன்மை, என்ன ஆபத்து, வேற வழி என்ன இருக்கு, வேண்டாம்னு சொன்னா என்ன ஆகும்: இத்தனையும் புரியும் மொழியில் சொன்ன பிறகு வாங்குவதுதான் சம்மதம். நன்மையை மட்டும் சொல்லி வாங்கினா அதுக்குப் பேரு சம்மதம் இல்லை.

இத்தனையும் சொல்லி வாங்கினாலும், நோயாளி இறந்துட்டா கையெழுத்துப் போட்டவர் மனசு என்ன பாடுபடும் தெரியுமா? "நான்தான் சார் கையெழுத்துப் போட்டேன்." எந்த டாக்டரைக் கேட்டாலும் இந்த வாக்கியத்தைக் கேட்டிருப்பார்.

9/
1914-ல் ஐரோப்பாவின் லட்சக்கணக்கான வீடுகளில் சம்மதம் வாங்கப்பட்டது. ஆபத்து யாரும் சொல்லவில்லை. நாடு, பெருமை, தியாகம், எல்லாம் சீக்கிரம் முடிஞ்சிடும். நன்மைப் பட்டியல் மட்டும்.

ஒரு உதாரணம். பீட்டர் இறந்த அதே வட்டாரத்தில், அதே வாரங்களில், அவனைப் போன்ற இளம் வீரர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். நவம்பர் 11-ம் தேதி ஜெர்மன் படைத் தலைமை ஒரு அறிக்கை விட்டது. லாங்கமார்க் என்ற ஊருக்கு மேற்கே இளம் படைப்பிரிவுகள் தேசபக்திப் பாட்டுப் பாடிக்கொண்டே எதிரியின் மேல் பாய்ந்தன என்றது. அவ்வளவுதான். தோல்வி காவியமாகிவிட்டது. பின்னால் நாஜிகள் அந்தக் காவியத்தையே காட்டி அடுத்த தலைமுறைப் பையன்களை வளர்த்தார்கள்.

10/
"அது ஜெர்மன்காரங்க கதை, நமக்கென்ன?" என்பவர்களுக்கு: நம்ம பள்ளிக்கூடப் பாடத்தையே நினைச்சுப் பாருங்க.

புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய தாய். அப்பனைப் போரில் இழந்தவள், கணவனைப் போரில் இழந்தவள். மறுபடி போர்ப்பறை கேட்டதும், இருக்கிற ஒரே மகனுக்குத் தலையில் எண்ணெய் தடவி, கையில் வேலைக் கொடுத்து அனுப்புகிறாள். நாம அதை வீரம்னு படிச்சோம், மார்க் வாங்கினோம்.

பாட்டு அங்கேயே முடிஞ்சிடுது. மகன் திரும்பி வந்தானா? வரலைன்னா அந்த எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு என்ன ஆச்சு? பாட்டு சொல்லாது.

கேத்தேயும் மகனை அனுப்பிய தாய்தான். பாட்டு நிற்கிற இடத்துக்கு அப்புறம் அவர் 30 வருஷம் வாழ்ந்தார். வ்லாட்ஸ்லோ சிலை அந்த 'அப்புறம்' பற்றியது.

11/
சிலை ஒரே நாளில் இப்படி வந்துவிடவில்லை.

மகன் இறந்த ஆண்டு டிசம்பரிலேயே நினைவுச் சின்னம் செய்யும் எண்ணம் வந்துவிட்டது. முதல் திட்டம் வேறு. பீட்டரின் உடல் கிடக்கும், தலைமாட்டில் அப்பா, கால்மாட்டில் அம்மா. தானாகப் போரில் சேர்ந்த இளைஞர்களின் தியாகத்தைப் போற்றும் சின்னம். அதாவது, அன்றைக்கு எல்லோரும் நினைத்த மாதிரிதான் அவரும் நினைத்தார்.

வருஷக்கணக்கில் முயன்றார். வரவில்லை. 1919-ல் கைவிட்டார். 1920-களின் நடுவில் மறுபடி எடுத்தபோது மகனின் உருவம் போய்விட்டது. பெற்றோர் மட்டும்.

12/
என் கருத்தை வெளிப்படையாகவே சொல்லிடறேன். மகனை எடுத்துவிட்ட அந்த முடிவுதான் இதை உலகின் மிக நேர்மையான போர் நினைவுச் சின்னங்களில் ஒன்றாக ஆக்குகிறது.

வீரனின் சிலை இருந்தால் நாம அவனைப் பார்ப்போம். அழகா இருக்கான், கம்பீரமா இருக்கான், சல்யூட் அடிச்சுட்டு வீட்டுக்குப் போயிடுவோம். அவன் இல்லாதபோது பார்வை எங்கே போகும்? அனுப்பியவர்கள் மேல் போகும். கொஞ்ச நேரத்தில் நம்ம மேலேயே திரும்பும்.

இறந்தவனிடம் "ஏன் போனே?"ன்னு கேட்க முடியாது. 18 வயசு. கேட்கவேண்டியது பெரியவங்ககிட்ட.

13/
கேத்தே அந்தக் கேள்வியைக் கல்லில் மட்டும் கேட்கவில்லை.

1918 அக்டோபர். ஜெர்மனி தோற்கப்போவது தெரிந்துவிட்டது. ரிச்சர்ட் டேமல் என்ற பிரபல கவிஞர், கடைசிச் சண்டைக்குத் தன்னார்வலர்கள் திரள வேண்டும் என்று பத்திரிகையில் அறைகூவல் விடுத்தார். சும்மா வீட்டில் உட்கார்ந்து பேசுபவர் அல்ல அவர். 50 வயதில் தானே படையில் சேர்ந்தவர்.

கேத்தே பகிரங்கமாக மறுத்து எழுதினார். செத்தது போதும், இனி ஒருவனும் சாகக் கூடாது என்பது சாரம். 1914-ல் சம்மதம் வாங்கிக் கொடுத்த அதே அம்மா, 1918-ல் ஒரு நாடே கேட்ட சம்மதத்துக்கு மாட்டேன் என்றாள். சில நாட்களில் போர் முடிந்தது.

14/
சிற்பங்கள் கல்லில் முடிந்து, பீட்டர் புதைக்கப்பட்ட ரோக்கவெல்டே கல்லறைத் தோட்டத்தில் வைக்கப்பட்டது 1932 ஜூலையில்.

கணக்குப் போடுங்க. 1914-லிருந்து 1932. 18 வருஷம். மகன் வாழ்ந்தது 18 வருஷம். அவனுக்கான சிலைக்கும் 18 வருஷம்.

கணவனும் மனைவியும் சேர்ந்தே பெல்ஜியம் போனார்கள். தன் முகம் கொண்ட அந்தத் தாய் சிலையின் முன் நின்று, அழுது, அதன் கன்னத்தைத் தடவினார் கேத்தே. கார்ல் அவருக்குப் பின்னால், ஒட்டி நின்றார். சிலையில் இருக்கும் இடைவெளி அன்றைக்கு அந்த இருவருக்கும் நடுவில் இல்லை.

15/
"18 வருஷமா துக்கமா? இது வியாதி இல்லையா டாக்டர்?"ன்னு கேட்பீங்க.

நீடித்த துக்கக் கோளாறு என்று ஒரு நோய் உண்மையிலேயே வகைப்படுத்தப்பட்டிருக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 பட்டியலிலும் இருக்கு, அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் 2022 முதல் இருக்கு. ஆனால் நாள்காட்டியை மட்டும் பார்த்து அதை முடிவு செய்வதில்லை. அன்றாட வாழ்க்கை முடங்கிப்போகிறதா என்பது முக்கியமான கேள்வி.

இந்த 18 வருஷத்தில் கேத்தே ஓயாமல் வேலை செய்தார். 1919-ல் பிரஷ்ய கலைக் கழகத்தில் உறுப்பினரான முதல் பெண் ஆனார். போருக்கும் பசிக்கும் எதிராகச் சுவரொட்டிகள் வரைந்தார். துக்கம் கூடவே இருந்தது, கையும் நிற்கவில்லை.

உங்க வீட்டில் பிள்ளையைப் பறிகொடுத்தவங்க இருந்தா, "இன்னுமா?"ன்னு மட்டும் கேட்காதீங்க. தூக்கம், சாப்பாடு, வேலை எல்லாம் நின்னுபோச்சுன்னா, உயிரை விட்டுடலாம்னு பேசினா, உடனே மனநல மருத்துவரிடம் கூட்டிக்கிட்டுப் போங்க.

16/
இப்போ வரக்கூடிய எதிர்ப்புகளுக்கு வருவோம். இரண்டு.

முதலாவது: "பீட்டர் ஆக்கிரமிப்புப் படையின் சிப்பாய். அவனுக்கு எதுக்கு அனுதாபம்?"

நியாயமான கேள்வி. 1914-ல் நடுநிலை நாடான பெல்ஜியத்துக்குள் ஜெர்மனி படையெடுத்தது. ஆகஸ்ட் மாதத்தில் தினான் என்ற ஊரில் மட்டும் 674 பொதுமக்களை ஜெர்மன் படை கொன்றது. குழந்தைகளும் அதில் உண்டு. இதை மறைத்துவிட்டுச் சிலையைப் பற்றி மட்டும் உருகினால் அது பொய்.

ஆனா யோசிச்சுப் பாருங்க. அந்த மண்ணில் வாள் ஏந்திய ஜெர்மன் வீரனின் சிலை நின்றால் அது அந்த ஊர்க்காரர்களுக்கு எவ்வளவு பெரிய அவமானம்! இந்தச் சிலை வெற்றி பேசவில்லை, பெருமை பேசவில்லை. எதிரி நாட்டு மண்ணில், மண்டி போட்டு நிற்கிறது. அதனால்தான் அங்கே அதுக்கு இடம் இருக்குன்னு நான் நினைக்கிறேன்.

17/
இரண்டாவது: "நாட்டுக்காக உயிர் கொடுத்தவர்களை நீங்க கொச்சைப்படுத்துறீங்க."

இல்லைங்க. ராணுவத்தில் பிள்ளைகளை வச்சிருக்கிற குடும்பங்கள் நம்ம ஊர்களில் எத்தனையோ. அந்தச் சீருடை மேல் எனக்கு மரியாதை உண்டு. தற்காப்புக்காகப் போராட வேண்டிய நேரமும் வரும்.

நான் சொல்வது ஒன்றுதான். இறந்தவருக்குச் செய்யும் மரியாதை வேறு, போருக்குச் செய்யும் விளம்பரம் வேறு. ஒரு சிலை இரண்டில் எதைச் செய்கிறது என்று பார்க்கணும். அதைப் பார்க்கிற பத்து வயசுப் பையன் என்ன கத்துக்கிறான்? "நானும் இப்படி நிக்கணும்" என்று மட்டுமா? "ஒருத்தர் போனா ஒரு வீடு என்ன ஆகும்" என்பதும் சேர்த்தா?

மருந்துப் பெட்டிக்குள் ஒரு தாள் மடிச்சு வச்சிருக்கும். பயன் ஒரு பக்கம், பக்கவிளைவு ஒரு பக்கம். பக்கவிளைவை அச்சடிக்காத மருந்தை நீங்க வாங்குவீங்களா? போரின் பக்கவிளைவை அச்சடித்த தாள்தான் வ்லாட்ஸ்லோ.

18/
சரி, இந்தச் சிலை போரை நிறுத்திச்சா?

நிறுத்தலை. வைத்த அடுத்த ஆண்டே, 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். கேத்தே கலைக் கழகத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். 1939-ல் மறுபடி உலகப் போர். 1940-ல் கார்ல் இறந்தார்.

ஹான்ஸ் தன் மகனுக்கு, இறந்த தம்பியின் பெயரையே வைத்திருந்தார். அந்தப் பேரன் பீட்டரும் படைக்குப் போனான். 1942 செப்டம்பரில் ரஷ்யாவில் கொல்லப்பட்டான். ஒரே வீடு, ஒரே பெயர், இரண்டு போர்.

19/
அதே 1942-ல் கேத்தே ஒரு கல்லச்சு ஓவியம் செய்தார். ஒரு வயதான தாய், தன் கைகளுக்குள்ளே சின்னப் பையன்களை அடைத்து வைத்திருக்கிறாள். அவனுங்க வெளியே எட்டிப் பார்க்கிறானுங்க, போகத் துடிக்கிறானுங்க. அவள் விடமாட்டேன் என்கிறாள். தலைப்பு விதைத் தானியத்தைப் பற்றியது.

விவசாயக் குடும்பத்தில் பிறந்தவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எவ்வளவு பஞ்சம் வந்தாலும் விதைநெல்லில் கை வைக்க மாட்டாங்க.

1914-ல் விதைநெல்லை எடுத்துக் கொடுத்த கை, வயசான காலத்தில் அதை இறுக்கிப் பிடிச்சிருக்கு. போர் முடியறதைப் பார்க்காமலே 1945 ஏப்ரல் 22-ம் தேதி கேத்தே இறந்தார். இரண்டரை வாரத்தில் ஐரோப்பாவில் போர் முடிஞ்சுது.

20/
1950-களில் அந்த வட்டாரத்தில் சிதறிக் கிடந்த ஜெர்மன் கல்லறைகளை ஒன்று சேர்த்தார்கள். பீட்டரின் எச்சங்களும், கூடவே இந்தச் சிலைகளும் வ்லாட்ஸ்லோவுக்கு வந்தன. பெற்றோர் மண்டியிட்டிருக்கும் இடத்துக்கு முன்னே புல்லில் பதித்த ஒரு கல்லில், மற்ற 19 பெயர்களோடு, பீட்டர் கோல்விட்ஸ் என்ற பெயரும் இருக்கிறது. பெரிய எழுத்து இல்லை, தனிக் கல் இல்லை. பெர்லினின் புகழ்பெற்ற சிற்பியின் மகன் என்ற குறிப்பும் இல்லை.

அந்தப் பெற்றோர் அவனுக்கு மட்டும் மண்டி போடவில்லை. 25,000 வீட்டுப் பெற்றோருக்கும் சேர்த்துத்தான்.

21/
சரி, இதை ஏன் இன்னைக்கு எழுதணும்?

எல்லையில் கொஞ்சம் பதற்றம் வந்தாப் போதும், நம்ம குடும்ப வாட்ஸ்அப் குரூப் எல்லாம் போர்முனை ஆயிடுது. "ஒரு அடி அடிச்சுட்டு வாங்க", "முடிச்சு விடுங்க". எழுதுறவங்க பெரும்பாலும் என் வயசுக்காரங்க. போகப்போறது அவங்க இல்லை. இருபது வயசுப் பையன், யாரோ ஒருத்தங்க வீட்டுப் பையன். நாம ஒவ்வொரு தடவை கைதட்டும்போதும், அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு நாம சம்மதம் கொடுக்கிறோம். ஆபத்தைப் படிக்காமலே.

போர் தேவையா இல்லையா என்று அரசாங்கங்கள் முடிவு செய்யட்டும், நாம கேள்வி கேட்போம். அது தனி விவாதம். குறைந்தபட்சம் அதைக் கிரிக்கெட் மேட்ச் மாதிரி பார்க்காம இருக்கலாம்.

22/
உங்க ஊரில் ஒரு போர் நினைவுச் சின்னம் இருந்தா அடுத்த முறை போகும்போது ஐந்து நிமிஷம் நில்லுங்க. பெயர்களைப் படிங்க. வயசு போட்டிருந்தா அதையும் படிங்க. பிறகு, அங்கே யார் இல்லை என்று பாருங்க. அம்மா, அப்பா, பொண்டாட்டி, கைக்குழந்தை, கால் போய்த் திரும்பி வந்தவர், ராத்திரியில் அலறி எழுந்துக்கிறவர்.

புதுசா ஒண்ணு கட்டப் போறாங்கன்னா, பீரங்கியும் ஹெல்மெட்டும் வைக்கட்டும். கூடவே இவங்களுக்கும் ஒரு இடம் கேளுங்க. அந்தப் பெயர்களுக்கு உண்மையான சொந்தக்காரங்க அவங்கதான்.

பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டுப் போங்க. "இவர் எப்படிச் செத்தார்?"னு கேட்டா சொல்லுங்க. "இவரை யார் அனுப்பினாங்க?"ன்னு கேட்டா, பேச்சை மாத்தாம அதுக்கும் பதில் சொல்லுங்க.